துடிப்பு இன்னும் தெரியவில்லை

“கரு இருக்கற பை தெரியுதும்மா. உள்ள துடிப்பு இன்னும் தெரியல. ஒரு வாரம், பத்து நாள் கழிச்சு வாங்க, மறுபடி பாத்துடலாம்” என்றார் ஸ்கேன் டாக்டர். வயிற்றில் தடவியிருந்த ஜெல்லைத் துடைத்துக்கொள்ள ஒரு டிஷ்யூ பேப்பரை நீட்டினார். “நாள் கணக்கு சரிதானேம்மா?” என்று அவர் கேட்டதற்கு, “சரிதான் டாக்டர்” என்று வெடுக்கென்று சொன்னேன். விலங்கியலில் முதுகலை படித்துவிட்டு, டவுன்ஷிப் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கரு வளர்ச்சி நடத்துகிறவளிடம் போய் நாள் கணக்கு கேட்கிறாரே என்ற எரிச்சல்.

அந்தக் கணக்கை நான் போட்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். என் முதல் கரு இதேபோல் ‘துடிப்பு தெரியல’ என்று ஆரம்பித்து, கடைசிவரை தெரியாமலே போனது. அதற்குப் பிறகு காலண்டரில் தேதியை வட்டம் போடுவதை விட்டுவிட்டேன். மாதாமாதம் நான் தோற்றதை நானே குறித்து வைக்க வேண்டுமா என்ன? அதனால் இந்த முறை எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்வதையே செய்தேன். ஷிப்ட்டை வைத்துக் கணக்குப் போட்டேன். என் கணவருக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் நைட். இங்கே ஜுரம் வந்ததும், சண்டை போட்டதும், விருந்தாளி வந்ததும் ஷிப்ட்டோடு சேர்ந்துதான் ஞாபகத்தில் இருக்கும். கடைசியாக மாதவிலக்கு வலியோடு ராத்திரி தனியாகச் சுருண்டு படுத்திருந்தது அவருடைய நைட் ஷிப்ட் வாரத்தில். அந்த வாரத்திலிருந்து எண்ணினால் இப்போது துடிப்பு வந்திருக்க வேண்டும்.

வெளியே காத்திருந்த கணவரிடம் வந்து சொன்னேன். விரலில் பைக் சாவியைச் சுற்றிக்கொண்டிருந்தவர் சுற்றுவதை நிறுத்தினார்.

“வரும்மா. நம்ம வூட்டுக்கு எதுவுமே லேட்டாத்தான் வரும்.”

“உங்க பர்மனென்ட் ஆர்டர் மாதிரியா? அதையும்தான் கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்து வரும் வரும்னு சொல்லிட்டு இருக்கீங்க.”

அவர் வண்டியை எடுத்தார். மந்தாரக்குப்பத்தில் எங்கள் வாடகை வீடு வரும்வரை அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். இந்தப் பக்கம் பெண் கேட்டுப் போனாலும், வீடு வாடகைக்குக் கேட்டுப் போனாலும் முதல் கேள்வி ‘பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?’ என்பதுதான். அது அவருக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்தேதான் குத்தினேன். எனக்கு அப்போது யாரையாவது குத்த வேண்டியிருந்தது.

அந்த வாரம் முழுக்க என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சமையலறை டப்பாக்களை இறக்கித் துடைத்தேன், மறுபடி ஏற்றினேன், மறுபடி இறக்கினேன். கொடியில் காய்ந்த துணியில் கரித்தூள் இருக்கிறதென்று உதறிவிட்டு மீண்டும் துவைக்கப் போட்டேன். காலையில் வாந்தி வராவிட்டால் பயம். ஒருநாள் பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் வந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். பக்கத்து சீட்டு அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

கொஞ்சம் படித்துத் தொலைத்திருப்பதுதான் தொல்லை. பக்கத்து வீட்டு அக்கா, “சாமி மேல பாரத்தப் போட்டுட்டு செவனேன்னு கெட” என்றார். எனக்குக் கண்ணை மூடினால் செல்கள்தான் தெரிந்தன. எது எதற்குச் சிக்னல் கொடுக்கிறது, எது கேட்காமல் கிடக்கிறது என்று மனம் அங்கேயே போய் நின்றுகொண்டது.

நேரம் பார்த்து வகுப்பிலும் அதே பாடம். கரும்பலகையில் ஒரு பெரிய வட்டம் போட்டு, உள்ளே குட்டி வட்டங்கள் வரைந்தேன்.

“ஆரம்பத்துல எல்லாமே ஒரே மாதிரி செல்தான். அப்புறம் வெளி வரிசை நஞ்சுக்கொடி ஆகறதுக்குப் போயிடும். உள்ள ஒரு மூலையில கும்பலா இருக்கு பாருங்க, அதுலேர்ந்துதான் குழந்தை. அந்தக் கும்பல்ல எந்த செல்லும் எதுவா வேணும்னாலும் ஆகலாம். எலும்பாகலாம், தோலாகலாம், மூளையாகலாம். அதான் ஸ்டெம் செல். சில புத்தகத்துல குருத்தணுன்னு போட்டிருக்கும்.”

“நீ மூளை, நீ தோலுன்னு யாரு மிஸ் அதுக்குச் சொல்றது?” என்று ஒருத்தி கேட்டாள்.

“மேல உக்காந்து யாரும் சொல்றதில்ல. பக்கத்து செல்தான் சொல்லும். அது ஒரு புரதத்தை வெளிய விடும், அதான் சிக்னல். கிட்ட இருக்கறதுக்கு நிறைய கிடைக்கும், தள்ளி இருக்கறதுக்குக் கொஞ்சமா கிடைக்கும். கிடைச்ச அளவுக்குத் தகுந்த மாதிரி அது ஒண்ணா மாறும். இதயத்துக்கு இன்னும் வேடிக்கை. ‘இதயமாகாதே’ன்னு ஒரு சிக்னல் வந்துட்டே இருக்கும். கீழ் அடுக்கு செல்லுங்க அதைத் தடுக்கணும். தடுத்த இடத்துல மட்டும்தான் இதயம் வரும்.”

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு. “அப்ப ஸ்டெம் செல்லுன்னா கான்ட்ராக்ட் லேபர் மிஸ். எந்த வேலையில போட்டாலும் செய்யும். சிக்னல் வந்தா பர்மனென்ட்.”

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அதில் பாதிப் பேருடைய அப்பாக்கள் கான்ட்ராக்ட்தான். “பர்மனென்ட் ஆயிட்டா, திரும்பக் கான்ட்ராக்ட்டா ஆக்கிடுவாங்களா மிஸ்?” என்றாள் இன்னொருத்தி.

“அதுவா சாதாரணமா ஆகாது. இதயம்னு ஆயிட்டா இதயம்தான்.”

“சிக்னலே வரலன்னா மிஸ்?”

“வாயை மூடிட்டுப் படத்தை வரைங்க!” என்று கத்திவிட்டேன். அந்தப் பெண் பயந்துபோய்க் குனிந்துகொண்டாள். பாவம், அவள் கேட்டதில் என்ன தப்பு? பாத்ரூம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தனை நாளும் நான் கேட்டுக்கொண்டிருந்ததைத்தான் அவளும் கேட்டிருந்தாள். எனக்குப் பதில் தெரியும். சிக்னல் வராவிட்டால் ஒன்றும் நடக்காது. பை மட்டும் இருக்கும்.

மறு ஸ்கேனுக்கு முதல்நாள் சாயங்காலம் என் கணவர் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் அவரோடு வேலை செய்யும் பாய்.

“பாய், நாளைக்கு எனுக்குக் காலை ஷிப்ட்டு. ஒரு நாளு நீ பாரு, நான் ஆஸ்பத்திரி போவணும். உன் தங்கச்சி கல்யாணத்தப்ப உனுக்காக ஒரு வாரம் சேத்து நைட்டு பாத்துகினு கெடந்தேனா இல்லியா?”

தேங்காய் துருவிக்கொண்டிருந்த நான் அப்படியே எழுந்து வந்தேன்.

“எந்த வாரம்?”

“எது எந்த வாரம்?”

“பாய்க்காக நைட் பாத்தீங்களே, அது.”

“என் நைட்டு முடிஞ்சுதுல்ல, அதுக்கு அடுத்த வாரம். ரெண்டு வாரம் சேந்தாப்ல நைட்டு. கல்யாண பிரியாணி கூட எடுத்தாந்தேனே. நீதான் தொடவே இல்ல.”

“ஏன் தொடல?”

“வவுத்த வலிக்குதுன்னு சுருண்டு படுத்துகினு இருந்த. மறந்துட்டியா?”

தேங்காய்ப்பூ ஒட்டிய கையாலேயே தலையில் அடித்துக்கொண்டேன். நைட் ஷிப்ட் வாரம் என்று நான் எண்ணியது முதல் வாரத்தை. வலி வந்ததோ இரண்டாவது வாரத்தில். அப்படியானால் டாக்டர் பார்த்த கரு நான் சொன்னதைவிட ஒரு வாரம் சின்னது. அந்த வயதில் ஒரு வாரம் சாமானியமில்லை. அன்றைக்குத் துடிப்பு தெரியாததில் அதன் தப்பு எதுவுமே இல்லை. அதற்கு நேரமே ஆகியிருக்கவில்லை. நாள் கணக்கு சரிதானே என்று கேட்ட டாக்டரிடம் எவ்வளவு மிடுக்காகப் பேசினேன்!

கணவருக்கு விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்ப வந்துரும்தானே?” என்றார்.

“தெரியாதுங்க. வரலாம்.”

அந்த ‘வரலாம்’ தான் என்னைப் படுத்தி எடுத்தது. அதுவரை மனதைக் கல்லாக்கி வைத்திருந்தேன். இப்போது ஆசை வந்துவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை. துருவிய தேங்காயை என்ன செய்தேன் என்றுகூட ஞாபகமில்லை.

மறுநாள் டாக்டரிடம் கணக்கைத் திருத்திச் சொன்னேன். “நைட் ஷிப்ட்டை வெச்சா கணக்குப் போட்டீங்க? நீங்க டீச்சர்தானே?” என்று சிரித்தார். அவர் வெளியூர்க்காரர். நான் கெஞ்சியதால் என் கணவரையும் உள்ளே விட்டார். திரையில் கறுப்புப் பை. அதன் ஓரத்தில் ஒரு அரிசி. நடுவில் ஏதோ வெள்ளையாக மினுக் மினுக்கென்றது. என் கண்தான் கூசுகிறதென்று நினைத்தேன்.

“இதோ, துடிக்குது பாருங்க” என்றார் டாக்டர்.

முதலில் ஒரு செல் தானாகத் துடிக்கும், பிறகு பக்கத்தில் இருப்பது சேர்ந்துகொள்ளும், அப்புறம் எல்லாம் ஒன்றாகத் துடிக்கும். எத்தனை தடவை நடத்தியிருப்பேன். பார்த்தது அன்றுதான். அந்த ‘இதயமாகாதே’ சிக்னலை எனக்குள் ஏதோ தடுத்துவிட்டிருந்தது. எனக்கே தெரியாமல், என் பதற்றத்தைச் சட்டை செய்யாமல்.

என் தலைமாட்டில் நின்ற கணவர் கேட்டார்: “பர்மனென்ட்டா டாக்டர்?”

டாக்டருக்குப் புரியவில்லை. கூட இருந்த நர்ஸ் உள்ளூர்ப் பெண், வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். “நிக்காம துடிக்குமான்னு கேக்கறார்” என்று நான் சொன்னேன். “அதெல்லாம் இப்பவே சொல்ல முடியாதுங்க. இன்னிக்கு நல்லா துடிக்குது” என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் கணவரிடம் நான் சொன்னேன். “மத்தது எனக்கும் தெரியாது. ஆனா இதயம்னு ஆன செல்லு, நான் இதயமில்லன்னு திரும்பிப் போவாது. அது மட்டும் நிச்சயம்.”

அவர் தலையாட்டினார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தவர், ஸ்டார்ட் செய்யவில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்து தோளைத் தொட்டேன். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“நம்ம வூட்ல மொத பர்மனென்ட்டு.”

“ம். பள்ளம் பாத்து ஓட்டுங்க” என்றேன்.