திறக்கிற ஜன்னல்

"இது ஏசி ரூம், ஜன்னல் தொறக்காதும்மா" என்றார் கடலூர் ஹோட்டல்காரர். ஜன்னல் திறக்கிற அறை தேடி இன்று நான் பார்க்கிற மூன்றாவது ஹோட்டல் இது என்று அவரிடம் சொன்னேன்.

அறுபதுகளில், எனக்கு ஏழு வயதில், உறவுக் கல்யாணத்துக்காகச் சிதம்பரம் லாட்ஜில் தங்கினோம். அப்பா வெளியே போனதும் அம்மா தெரு ஜன்னலைத் திறந்து ஈரத் தலையை உலர்த்தினாள். காப்பிக்கொட்டை வறுக்கிற வாசத்தோடு காற்று வந்தது.

"எம்மாங் காத்து பாரேன்!" என்று சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்பா திரும்பியதும், "அம்மா ஜன்னல்லயே நின்னுகினு இருந்தாங்கப்பா" என்றேன். அவர் ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டார். அம்மா என்னைத் திட்டவில்லை. ஈரத் தலையை அப்படியே முடிந்துகொண்டாள்.

"காத்துக்காகவா இவ்ளோ அலையறீங்க?" என்றார் ஹோட்டல்காரர்.

"ஆமாம்" என்றேன்.

அன்று அப்பா என்னை எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.