அல்பிரட் அண்ணனின் பிக்கப் கொப்பி

அல்பிரட் அண்ணன் போய்விட்டார்... நேற்று முன்தினம் காலை. கொட்டாஞ்சேனையில், சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில்.

போனில் சொன்னது அவருடைய மனைவி ஸ்டெல்லா அக்கா. "ஐயோ, ஆர் கொண்டு போனது?" என்றுதான் நான் முதலில் கேட்டேன். சண்டை முடிந்து இரண்டு வருடமாகியும், ஆட்களைக் கடத்திக்கொண்டு போன காலத்துப் பழக்கம் வாய்க்கு விடவில்லை.

"ஒருத்தரும் இல்ல பிள்ளை. ஹார்ட் அட்டாக்."

"அப்பாடா" என்றுவிட்டேன். மரணச் செய்திக்கு அப்பாடா...! நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா கோபிக்கவில்லை. "எனக்கும் அப்பிடித்தான் இருந்திச்சு" என்றார்.

தெரியாதவர்களுக்காக... கொள்ளுப்பிட்டியில் நான் வேலை செய்த வாகன உதிரிப்பாகக் கடையில் அண்ணன் கவுன்டரில் நின்றவர். நான் மேல்மாடியில், ஆங்கிலக் கடிதங்கள் பார்க்கிற வேலை.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. யப்பான்காரன் ஒரு சின்னப் பிக்கப் செய்ய வேண்டும். சின்னது, ஆனால் ஃபோர் வீல் டிரைவ். கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைக்குள்ளும் திரும்ப வேண்டும், மழை பெய்த தோட்டப் பாதையிலும் ஏற வேண்டும்.

"பெரிசு செய்யிறான். லொறி செய்யிறான். இதை மட்டும் ஏன் தங்கச்சி செய்யிறானில்ல?" பில்லின் பின்பக்கத்தில் படம் கீறி, பிரேக் லைனர் வாங்க வந்தவரையும் மறித்துக் காட்டுவார்.

அதே பைத்தியம் பிடித்தவர்கள் கொழும்பில் அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள்! எல்லோரையும் தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தார். பெயர், விலாசம், விரும்பும் நிறம், ஐடென்டி கார்ட் நம்பர்.

"ஐசி நம்பர் எதுக்கு அண்ணன்?"

"யப்பான்காரன் நம்பவேணுமே!"

வருடத்துக்கு ஒரு கடிதம் யப்பான் கொம்பனிக்குப் போகும். டைப் செய்வது நான். ஒரு தடவை பதிலாக ஒரு கலண்டர் வந்தது. மாதம் பிறந்து தாளைப் புரட்டும்போதெல்லாம் அண்ணன் உற்றுப் பார்ப்பார், எங்காவது மூலையில் எங்கள் பிக்கப் நிற்கிறதா என்று.

நாற்பத்தோராம் நம்பர் என் கணவர் குகன். தண்ணீர்ப் பம்ப் பூட்டுகிற வேலை; தோட்டப் பாதைகளில் ஆட்டோவில் ஏறி ஏறி இடுப்பு கழன்றவர். பிறந்த இடம் யாழ்ப்பாணம், இருப்பிடம் வெள்ளவத்தை, பச்சை நிறம் என்று ஆசையாக எழுதிக் கொடுத்தார். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். அப்போது மகள் பிறக்கவில்லை.

அவள் பிறந்து ஆறு மாதத்தில் பாமன்கடை செக்பொயின்டில் அண்ணனை மறித்தார்கள். கையில் கொப்பி. அறுபது தமிழ்ப் பெயர், விலாசத்தோடு. முதல் பக்கத்தில் வாகனத்தின் படம்...

அடுத்த நாள் அதைக் கவுன்டரில் நின்று பகிடியாகச் சொன்னார். மறித்த ஆமிப் பெடியனும் அவருக்கு மல்லிதான், சிங்களத்தில் தம்பி. "அந்த ஆமி மல்லி கேக்கிறான், இது காட்டுக்குள்ள போகுமா எண்டு. நான் என்ன பொய்யா சொல்லுறது? எங்கயும் போகும் எண்டன்."

அந்தப் பதிலுக்கு நாலு மணித்தியாலம் வைத்திருந்து விட்டார்களாம். கடைசியில் கொப்பியையும் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தப் பட்டியலில் குகனின் பெயர்தான் கண்ணுக்குள் நின்றது.

"அண்ணன், நாற்பத்தொண்டை வெட்டுங்கோ. இப்பவே."

"வெட்டினா நம்பர் எல்லாம் குழம்புமே தங்கச்சி..."

"எனக்குக் கைக்குழந்தை இருக்கண்ணன்!" கத்திவிட்டேன். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அண்ணன் கொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். நானும் கோபம்தான். அந்த வருடக் கடிதத்தை டைப் செய்ய மறுத்தேன், கொஞ்ச நாளில் வேலையையும் விட்டேன்.

வெட்டினாரா, இல்லையா? கேட்கப் பயம். இல்லை என்று சொல்லிவிட்டால்...?

அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் ஆமி சுற்றிவளைத்து வீடு வீடாகத் தேடிய ரவுண்ட்-அப் எத்தனை. கதவு தட்டப்படும்போதெல்லாம் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு நான் நினைத்தது அந்தக் கொப்பியைத்தான். குகனிடம் சொன்னதே இல்லை. சண்டை முடிந்த பிறகும், அது எங்கே கிடக்கிறது, யார் கையில் இருக்கிறது என்ற நினைப்பு மட்டும் போகவில்லை.

இன்று செத்த வீட்டில் ஸ்டெல்லா அக்கா அதைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "போன கிழமைதான் உங்களிட்ட குடுக்கச் சொன்னவர். இந்த வருஷக் கடிதம் இன்னும் போகேல்லையாம்."

அங்கேயே நின்று புரட்டினேன். பழைய பக்கங்கள் இல்லை. அத்தனையும் புதிதாக எழுதியிருந்தது. ஒரு பெயர் இல்லை, விலாசம் இல்லை, ஐசி நம்பர் இல்லை.

7. பல் டொக்டர். வெள்ளை.

23. பேக்கரி முதலாளி. பின்பக்கம் நீளமாக வேண்டும்.

"பழைய தாள் எல்லாத்தையும் அடுப்பில போட்டவர்" என்றார் அக்கா. "மூண்டு நாள் லீவு போட்டு எழுதினார். என்னப்பா இது எண்டு கேட்டா, நம்பர் குழம்பக்கூடாதாம்."

கடைசி நம்பர் 64. செக்பொயின்ட் மல்லி. தகப்பனுக்கு வயல். எந்த நிறமும் சரி.

பிறகுதான் நாற்பத்தொன்றைத் தேடினேன்.

41. பம்ப் பூட்டுபவர். பச்சை. முன்சீட்டில் மூன்று பேர் இருக்க இடம் வேண்டும், குழந்தை உண்டு.

ஆட்கள் பார்க்க அழுதேன். எத்தனை வருடம் பிடித்து வைத்திருந்த மூச்சு அது, அண்ணன்...

வீட்டுக்கு வந்து குகனிடம் எல்லாம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "பச்சை எண்டு போட்டிருக்கோ?"

பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். கடிதத்தை டைப் செய்து முடித்துவிட்டேன், நாளைக்குத் தபாலில் சேர்ப்பேன். நாற்பத்தொன்றில் மட்டும் ஒரு திருத்தம், அண்ணன். இப்போது நாங்கள் நாலு பேர்.

நிம்மதியாகப் போங்கோ.