முழிவியளத்துக்கு ஒரு படகு

மீன் பிடிக்கத்தான் படகு வாங்குகிறேன் என்று எங்கள் பங்குச் சுவாமியிடம் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில் வைத்துச் சொல்லவில்லை, கோவில் வாசலில் நின்று சொன்னது. ஆகவே அது பொய்யென்றாலும் பெரிய பொய்யில்லை. ஒரு மனிதன் ஒவ்வொரு நாள் விடியவும் என் முகத்தில் விழிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் படகை வாங்கினேன். அதற்காகத்தான் மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் வரை உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றி இழுத்துக்கொண்டு வந்தேன்.

அந்த மனிதனுக்கு எங்கள் கரையில் மூன்று படகுகள். எல்லோரும் அவனைச் சம்மாட்டி என்பார்கள். என் மனுசன் வருடக்கணக்காக அவனுடைய படகில் தொழிலுக்குப் போனவர். நான் அதே கரையில் வலை கழட்டினேன். படகு வந்ததும் வலையில் செருகிக் கிடக்கிற மீனையும் நண்டையும் சேதமில்லாமல் எடுத்துக் கூடையில் போடுகிற வேலை அது. நண்டின் கால் முறிந்தால் விலை போகாது. எனக்கு அந்த வேலை பிடிக்கும். கையும் வாயும் சேர்ந்து ஓடும். ஊர்க்கதை முழுக்க அங்கேதான் நடக்கும்.

என் மனுசனைக் கடல் கொண்டுபோகவில்லை. வயிற்றில் புற்றுநோய் வந்து, தெல்லிப்பழை ஆசுப்பத்திரிக் கட்டிலில், என் கையைப் பிடித்தபடி போனார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த அடுத்த கிழமை நான் திரும்பக் கரைக்குப் போனேன். படகுகள் இறங்குகிற விடியற்காலை நேரம். சம்மாட்டி இடுப்பளவு தண்ணீரில் நின்றவன் என்னைக் கண்டதும் அப்படியே கரையேறினான்.

"ஆரடா உவளை இந்த நேரத்திலை கரைக்கு விட்டது? தாலியறுத்தவளின்ரை முழிவியளத்தோடை போனால் வலையிலை பாசிதான் வரும்!"

ஒரு காரியத்துக்கு வெளிக்கிடும்போது முதலில் எதிர்ப்படுகிற முகத்துக்குத்தான் முழிவியளம் என்று பெயர். நல்ல முகம் என்றால் காரியம் நடக்கும். கூடாத முகம் என்றால் திரும்பிப் போய் இருந்து, தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும். அவன் தண்ணீர் குடிக்கப் போகவில்லை. அன்றைக்குத் தொழிலே இல்லையென்று படகை இழுத்துக் கட்டினான். நான் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு சனத்தில் ஒரு நாய்கூட எனக்காக வாய் திறக்கவில்லை.

நான் விடியக் கரைக்கு வரவேண்டாம் என்று, வலை கழட்டுகிற பெண்களிடம் எனக்குச் சொல்லி அனுப்பினான். பிறகு, படகு திரும்பி வருகிற நேரமும் வேண்டாம் என்றான். கோவிலில் எனக்கு முன்வரிசை வாங்கில் இருந்து செபமாலை சொல்லுகிற மனிதன்! மாதாவே, என் வயிறு எப்படி எரிந்திருக்கும்? சந்தையில் மீனை வாங்கி, பஸ் ஏறி உடுவில் பக்கம் போய் வீடு வீடாக விற்றேன். நடக்கும்போதெல்லாம் கறுவிக்கொண்டே நடந்தேன். இருக்கட்டும், இருக்கட்டும், உனக்குச் செய்து காட்டுகிறேன். அந்தச் சந்து ஒழுங்கையெல்லாம் என் வாய் அதைத்தான் முணுமுணுத்தது.

படகு இருந்தால் கரையில் நிற்க எனக்கு உரிமை. படகுக்காரியை ஒருவரும் போ என்று சொல்ல முடியாது. என் தம்பி வேறொருவருடைய படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். "நீ ஓட்டு, நான் வாங்கிறன்" என்றேன். எங்கள் பக்கத்தில் ஒருவரும் விற்க வரவில்லை. அந்த மனுசிக்குப் படகு கொடுக்கிறவன் கை விளங்காது என்று சம்மாட்டி கதை பரப்பியிருந்தான். கடைசியில் மன்னாரில், முதுகு நோவினால் தொழிலை விட்ட ஒருவரின் பிளாஸ்ரிக் படகு விலைக்கு இருப்பதாக அறிந்தோம். தாலிக்கொடியை விற்றேன். ஐயோ என்று தலையில் கை வைத்தவர்களிடம், மனுசனே போய்விட்டார், கொடியை வைத்து நான் என்ன வடிவு பார்க்கிறது என்று கேட்டேன். அவருடைய ஆத்துமா என்னோடு சண்டைக்கு வரவில்லை. அவருக்கும் அந்தச் சம்மாட்டியைப் பிடிக்காது.

படகுக்கு எஞ்சின் இல்லை. இன்னொரு படகின் பின்னால் கட்டிக் கடலால் இழுத்து வரலாம் என்றால், அது தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கிற காலம், கடல் கொதித்துக்கொண்டிருந்தது. கொதிக்காவிட்டாலும் எங்கள் கரையில் ஒருவரும் சம்மாட்டிக்குப் பயந்து வந்திருக்க மாட்டார்கள். உடுவிலில் என்னிடம் மீன் வாங்குகிற வீடொன்றில் ஒரு தோட்டக்கார அண்ணை இருந்தார். வெங்காயம் செய்கிறவர், சொந்தமாக உழவு இயந்திரமும் பெட்டியும் வைத்திருந்தார். அவரைக் கேட்டேன். கடலையே ஆண்டுக்கொருதரம் கீரிமலையில் ஆடியமாவாசைக்குத்தான் காண்கிற மனிதர். ஓம் என்று விட்டார்.

மன்னாரில் படகைக் கண்டதும் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தேன். நீலமும் வெள்ளையும். அங்கங்கே ஒட்டுப்போட்டிருந்தாலும் உடம்பு நல்ல உறுதி. தம்பியும் நானும் அந்த ஊர்க் கோவிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவதற்கிடையில், அண்ணை ஆட்களைப் பிடித்துப் படகைப் பெட்டியில் ஏற்றிக் கட்டிவிட்டார். பார்த்தேன். அணியம், அதுதான் படகின் முன்மூக்கு, பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணை, உதென்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்? அணியம் பின்னுக்கெல்லோ கிடக்குது!"

"முன்னுக்கு வைச்சால், நான் பிறேக் அடிக்கேக்கை உந்த மூக்கு என்ரை பிடரியிலை குத்தும், பிள்ளை."

"எங்கடை கரைக்குப் புதுப்படகு அணியத்தாலைதான் வரவேணும். பின்பக்கத்தாலை வந்தால் அது வந்த படகில்லை, திரும்பிப் போற படகு. அந்தாள் உதைச் சொல்லியே என்னைத் திண்டுபோடுவான்!"

"எங்கடை ஊரிலை மாடு எந்தப் பக்கத்தாலை வந்தாலும் மாடுதான்" என்றார் அண்ணை.

எனக்கு வந்த கோபத்துக்கு அவரையும் சேர்த்துக் கட்டியிருப்பேன். ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பெட்டி சிறியது, படகு நீளம். போகிற வழியில் பார்ப்போம் என்று தம்பி என்னைச் சமாளித்தான். வெறும் படகு துள்ளும் என்பதால் பாரத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் படகுக்குள்ளேயே ஏறி இருந்தோம்.

மன்னாரிலிருந்து பூநகரிக்கு வருகிற அந்த நீட்டுத் தெருவில், தரையில் ஓடுகிற படகுக்குள் குடையும் பிடித்துக்கொண்டு நான் இருந்த காட்சியைப் பார்த்துச் சிரிக்காத ஆளில்லை. பஸ்ஸில் போன பிள்ளைகள் கை காட்டின. ஒரு பொலிஸ்காரர் மறித்து, படகுக்குள் ஏன் ஆட்கள் என்று கேட்டார். "பாரத்துக்கு" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். பூநகரிக்குக் கிட்ட ஒரு பள்ளத்தில் பெட்டி குலுங்கியபோது படகு ஒரு முழம் பின்னுக்கு வழுகிவிட்டது. "நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். பார்த்தால், அண்ணை வைக்கோல் பாரம் கட்டுகிற மாதிரி மேலால் ஒரு கயிறு மட்டும் போட்டு இறுக்கியிருக்கிறார். வைக்கோல் அமரும், படகு அமருமா? தம்பி வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் குறுக்கே கட்டினான். அண்ணை தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்து அவனைக் குளிரப் பண்ணினார். சங்குப்பிட்டிப் பாலத்தில் காற்று எங்களைத் தூக்கிப் போடப் பார்த்தது. நான் படகின் அடியில் குப்புறப் படுத்துவிட்டேன். கீழே கடல், மேலே நான். அந்த வேளையில் வேறொன்றும் கேட்கவில்லை. அந்தச் சம்மாட்டியின் முகத்தை மட்டும் பார்த்துவிட வேண்டும், அதற்குப் பிறகு என்னை எடுத்தாலும் பரவாயில்லை என்றுதான் மன்றாடினேன்.

நாவற்குழியைத் தாண்டும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

"நேரை உங்கடை கரைக்கு விடட்டோ?" என்று அண்ணை கேட்டார்.

"வேண்டாம். விடியத்தான் போகவேணும். அவன் தொழிலுக்கு வெளிக்கிடுற நேரம்."

"நீ படகு வாங்கினது மீன் பிடிக்கவோ, ஆளைப் பிடிக்கவோ?"

"ஆளைத்தான் முதல்."

அவர் சிரித்துக்கொண்டே உடுவிலுக்குத் திருப்பினார். என் படகு அன்றைக்கு வெங்காயக் குடில்களுக்குப் பக்கத்தில் நின்றது. அவருடைய மனுசி முழுக்கதையும் கேட்டார். "விடியக்காலமை எங்கடை படலையிலை முதல் வந்து நிக்கிறது நீதானே. எங்களுக்கென்ன வெங்காயம் முளைக்காமல் போச்சுதே?" என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆறுதலாக ஒரு சொல் கேட்டு அவ்வளவு காலம். அவர் சந்தனம் குழைத்து வந்து அணியத்தில் ஒரு பொட்டு வைத்தார். நாங்கள் வேதக்காரர், ஆனால் நான் தடுக்கவில்லை. அந்த விஷயத்தில் யார் உதவிக்கு வந்தாலும் எனக்குச் சம்மதம்.

விடிய எங்கள் கரைக்கு இறங்குகிற ஒழுங்கையின் முகப்பில் அண்ணை நிறுத்தினார். படகைத் திருப்பி ஏற்ற அங்கே இடமும் இல்லை, ஆட்களும் இல்லை. நான் தலையில் கை வைத்தேன். அண்ணை இறங்கி ஒழுங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அணியம்தானே முதல் வரவேணும்? அப்ப நான் பின்னுக்கு எடுக்கிறன். நீ ஏறி மூக்கிலை இரு."

அட, இந்த மனிதருக்குக் கோவில் கட்டிக் கும்பிடலாம்! தோட்டத்து வரம்புகளுக்கு இடையில் பெட்டியோடு பின்பக்கமாக எடுத்துப் பழகிய கை. இரண்டு பக்கமும் மதில், ஒரு முழம்தான் இடைவெளி. ஒழுங்கை முழுவதும் பின்னாலேயே எடுத்தார். நான் அணியத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன். பாதி வழியில் சம்மாட்டி வீட்டுப் படலை திறந்தது. தலையில் துவாய், கையில் எண்ணெய்க் கான், பின்னால் எஞ்சினைக் காவிக்கொண்டு இரண்டு தொழிலாளர். அவன் நிமிர்ந்து பார்த்தான். என் முகம் அவனுடைய முகத்துக்கு நேரே.

"எடு உதை! வழியை விடு!"

"வழி கடலுக்குத்தானே போகுது. நானும் அங்கைதான் போறன்."

மதிலின் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"ஏன் திரும்புறியள்? வடிவாப் பாருங்கோ. நாளைக்கும் இதே முகந்தான்."

கானைப் படலைக்குள் எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டான். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதுக்கு இனிமை. அன்றைய வேலை போன அவனுடைய தொழிலாளர் இரண்டு பேருமே வந்து என் படகுக்குத் தோள் கொடுத்தார்கள். தண்ணீரில் இறங்குகிற படகுக்குக் கரையில் நிற்கிற எவரும் கை கொடுக்க வேண்டும், அது எங்கள் வழக்கம். சுவாமி வந்து தீர்த்தம் தெளித்தார்.

அதற்குப் பிறகு ஒரு நாளும் நான் தவறவில்லை. என் படகை அனுப்புகிறேன் என்று அவன் படலைக்கு முன்னால் போய் நிற்பேன். அவன் நேரத்தோடு எழும்பினான்; நான் அவனுக்கு முதல் எழும்பினேன். கோவில் பின்பக்கத்தால் சுற்றிப் போனான், அங்கேயும் நின்றேன். ஒரு நாள் துவாயால் முகத்தை மூடி, தொழிலாளி ஒருவன் கையைப் பிடித்துக் கூட்டிவர, குருடனைப்போல் நடந்து வந்தான். கரை முழுவதும் சிரித்தது. நான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தேன். துவாயை இழுத்தெறிந்தான், என்னைக் கண்டான், திரும்பிப் போனான்.

ஆனால் என் படகும் ஒன்றும் அள்ளிக் கொட்டவில்லை. இரவல் எஞ்சினோடு போய், தம்பி கறிக்கு மட்டும் கொண்டு வந்தான். "பாத்தியளோ? அவளின்ரை கூடப்பிறந்தவனுக்கே கிடைக்கேல்லை" என்று சம்மாட்டி சந்தியில் நின்று கதைத்தான். அது என் நெஞ்சில் குத்தியது. வீட்டில் தனியே இருந்து அழுதேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, உண்மையாகவே உனக்குள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு பெண்ணை அப்படிக் கேட்க வைத்தானே, அதற்காகவே அவனை விடக் கூடாது என்று அடுத்த நாளும் போய் நின்றேன்.

தொழிலில்லாமல் எத்தனை நாள் இருப்பது? அவனுடைய ஆட்கள் வேறு படகு பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு விடியலில் படலையைத் திறந்துகொண்டு நேரே என் முன்னால் வந்து நின்றான்.

"ஓம், பாத்திட்டன். இப்ப போறன். வெறும் வலையோடை வந்து எல்லாருக்கும் காட்டிறன், பார்."

போனான். மீன் படக் கூடாது என்று அந்த மனிதன் அன்றைக்குப் பரலோக மந்திரம் சொல்லியிருப்பான். ஒரு சம்மாட்டி வெறும் வலைக்கு நேர்ந்ததை எங்கள் கரை அதற்கு முதல் கண்டிருக்காது.

வெயில் ஏறியபோது அவனுடைய படகு தாழ்ந்து வந்தது. வலை முழுவதும் நண்டு. இடையில் ஓரா மீனும் விளைமீனும். கால் வைக்க இடமில்லை. கரையில் நின்ற சனம் படகைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பிறகு அவனைப் பார்த்தது. அவன் ஒருவரையும் பார்க்கவில்லை. வலை கழட்ட வந்திருந்த பெண்கள் நாலைந்து பேர்; அவ்வளவு நண்டுக்கும் அவர்கள் கை போதாது. வெயிலில் கிடந்தால் நண்டு செத்துப் பழுதாகிவிடும்.

அவன் என்னிடம் வந்தான். மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பிள்ளை, ஒருக்கா வந்து கழட்டிவிடு. கை காணாது."

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் உடுவில் ஒழுங்கைகளில் கறுவித் திரிந்தேன். அந்த வலையில் உட்கார என் உடம்பெல்லாம் ஆசைப்பட்டது. சீலையை இழுத்துச் செருகினேன்.

"எனக்கு நேரமில்லை. என்ரை படகு வருது" என்றேன்.

தம்பி அப்போதுதான் கரையைத் தொட்டான். படகுக்குள் எட்டிப் பார்த்தேன். கறிக்குத்தான் கிடந்தது. ஆறுதலாக இருந்து, ஒவ்வொரு மீனாக, சம்மாட்டி பார்த்துக்கொண்டு நிற்கக் கழட்டினேன்.