உப்புநீர்த் தொட்டிக்குள் கருந்துளை

எனக்குச் சூடு தெரியும். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் பிளான்ட்டில் ஃபோர்மேன் வேலை பார்க்கிறேன். ஐஸ் போடுகிறவனுக்குக் குளிர் தெரியும் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். அவனுக்குத் தெரிய வேண்டியது சூடு. குளிரை யாராலும் உண்டாக்க முடியாது. தண்ணீரில் இருக்கும் சூட்டை உருவி வெளியே தள்ளுகிறோம்; மிச்சம் ஐஸ். தள்ளிய சூட்டைப் பார்க்க வேண்டுமென்றால் பிளான்ட்டின் பின்பக்கம் வந்து நில்லுங்கள், முகத்தில் அடிக்கும். அதற்குக் கரண்ட் பில் வேறு. சும்மா எதுவும் குளிராது. டிப்ளமோவில் இதைத்தான் வெப்ப இயக்கவியல் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நானும் அதை வைத்துத்தான் இத்தனை காலம் சோறு தின்கிறேன்.

அதனால் என் மகள் கருந்துளைகளின் வெப்ப இயக்கவியலில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. முன்பாதி என்ன எழவோ, பின்பாதி நம்ம சரக்கு. “எம் மவளும் நானும் ஒரே லைனுதாம்லே” என்று கோயில் வாசலில் கண்டவனிடமெல்லாம் சொன்னேன். வடக்கே எங்கோ ஒரு ஊரில் ஹாஸ்டலில் இருப்பவளிடம், சாப்பிட்டியா, காய்ச்சல் விட்டுச்சா என்பதைத் தாண்டிப் பேச இனி விஷயம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

கிடைத்தது சண்டைதான். ஒருநாள் போனில் சொன்னாள்: உலகத்தில் கலைசல், அவள் பாஷையில் என்ட்ரோபி, கூடுமே தவிரக் குறையாது என்பது சட்டம். சூடான ஒரு பொருளைக் கருந்துளைக்குள் போட்டால் அதன் கலைசல் மறைந்துவிடும். அப்படியானால் சட்டம் உடைந்ததா? இல்லை, கருந்துளைக்கே அந்தக் கலைசல் கணக்கு உண்டு. விழுங்க விழுங்க அது ஏறும். இதுவரை சரி, தலையாட்டினேன். ஆனால் அந்தக் கணக்கு அதன் கொள்ளளவைப் பொறுத்தது இல்லையாம், மேற்பரப்பைப் பொறுத்ததாம்.

“ஏளா, நில்லு” என்றேன். “ஐஸ் டின்னுல எவ்வளவு தண்ணி பிடிக்கும்னு டின்னுத் தகரத்த அளந்தா சொல்லுவாக?”

“அதாம்ப்பா அதுல ஆச்சரியமே. நான் சொல்லுததக் கேளுங்க...”

“ஆச்சரியமா? தப்புளா அது!”

போனை வைத்துவிட்டாள். அன்று முழுக்க நான் தகர டின்களை வெறித்துப் பார்த்துக்கொண்டே திரிந்தேன். அவள் சொன்னது ஒருவேளை சரியாக இருந்தால் எங்கே சரி, நான் நினைப்பது தப்பென்றால் எங்கே தப்பு, ஒரு பிடியும் கிடைக்கவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது.

போன கிறிஸ்மஸுக்கு மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சாப்பாட்டு மேஜையில் மறுபடியும் ஆரம்பித்தது. கருந்துளைக்கு வெப்பநிலை உண்டு, அதனால் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை வெளியே விடும், விட விட இன்னும் சூடாகும் என்றாள். அதோடு விட்டாளா? பெரிய கருந்துளை வெளியே இருந்து சூட்டை வாங்கிக்கொள்ளும், வாங்க வாங்கக் குளிரும் என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சூட்டைக் கொடுத்தால் சூடாகுமாம், வாங்கினால் குளிருமாம்! அப்படி ஒன்று இருந்தால் நான் எதற்குக் கம்ப்ரசரை வைத்துக்கொண்டு மாரடிக்க வேண்டும்? “நீ பொறக்கதுக்கு முந்தியே நான் சூட்டோட மல்லுக்கட்டுதவன்” என்று கத்தினேன். “பக்கத்துப் பொருளும் அதுவும் எங்கனதான் சமமாகும்? சமமாகாமலே போய்க்கிட்டு இருக்குமா?” அவள் வாயைத் திறந்தாள். நான் விடவில்லை. மேஜையைத் தட்டித் தட்டி, குளிர்ந்த உப்புநீர்த் தொட்டிக்குள் இறக்கிய தண்ணீர் டின்னும் அந்த உப்புநீரும் எப்படிச் சமமாகும் என்று முழுப் பாடம் நடத்தி முடித்தேன்.

“நீங்க பிடிச்ச முயலுக்கு மூணே காலு” என்றாள் என் மனைவி.

மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “ஒங்களுக்கு என்னால வெளங்க வைக்க முடியாதுப்பா. விட்டுருங்க.”

விட்டேவிட்டாள். அதற்குப் பிறகு போனில் சாப்பாடும் காய்ச்சலும்தான். ஆராய்ச்சியின் கடைசி வாய்மொழித் தேர்வான வைவாவுக்குத் தேதி வந்ததைக்கூட அம்மாவிடம் மட்டும்தான் சொன்னாள். அது முடிந்ததும் வெளிநாட்டில் ஒரு வேலை காத்திருந்தது. அங்கே போய்விட்டால் இருக்கிற நூலும் அறுந்துவிடும், ஆயுசுக்கும் நான் அவளிடம் சாப்பிட்டியா என்று மட்டும்தான் கேட்கப் போகிறேன் என்று எனக்குப் பயமாக இருந்தது. பயம் என்று அப்போது சொல்லியிருக்க மாட்டேன். கோபம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

வைவாவை யார் வேண்டுமானாலும் ஆன்லைனில் பார்க்கலாமாம். லிங்க் மனைவிக்கு வந்தது. கெஞ்சி வாங்கினேன். “போய்ப் பாருங்க. ஆனா வாயத் தொறக்கக் கூடாது” என்று ஆணையிட்டாள். படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிற நாள் என்பதால் பிளான்ட் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்தேன். அதில் என் பெயர் வராது, பிளான்ட் பெயர்தான் வரும். கேமரா கிடையாது. பார்ப்பவர்கள் எல்லோருக்கும் மைக்கை நடத்துகிறவர்களே அடைத்து வைத்திருந்தார்கள்.

அவள் ஆங்கிலத்தில் பேசினாள். எனக்கு ஒரு சொல் விளங்கினால் பத்துச் சொல் ஓடிப்போனது. நடுவில் ஒரு படகுக்காரர் எட்டிப் பார்த்து, “அண்ணாச்சி, ஐஸ் ஏத்தலாமா?” என்றார். “பொறும்வே, எம் மவ பேசுதா” என்றேன். அவரும் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, “என்ன சொல்லுதா?” என்று கேட்டார். “தெரியல” என்றேன்.

கடைசியில், பார்ப்பவர்களும் கேள்வியை எழுதி அனுப்பலாம் என்றார்கள். வாயைத் திறக்கக் கூடாது என்றுதானே ஆணை, கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒற்றை விரலால் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தட்டினேன்: என் தொட்டியில் டின்னும் உப்புநீரும் சமமாகி நின்றுவிடும், அந்தத் தொட்டியில் ஒரு கருந்துளையைப் போட்டால் இரண்டும் சமமாகுமா, ஆகாதா?

ஒரு பேராசிரியர் பிளான்ட் பெயரோடு சேர்த்து வாசித்தார். யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“நன்றி, சார்” என்று எனக்கே பிடிபடுகிற எளிய ஆங்கிலத்தில் மெதுவாக ஆரம்பித்தாள். “இது இந்தத் துறையில் பலர் யோசித்த பழைய கேள்வி, சார். தொட்டி எல்லையில்லாமல் பெரியது என்றால் சமநிலை நிற்காது. கருந்துளை தொட்டியைவிடத் துளி கூடுதல் சூடாக இருந்தாலும் சூட்டை விட விட இன்னும் சூடாகிக்கொண்டே போகும். துளி குறைந்தாலும் வாங்கி வாங்கிக் குளிர்ந்துகொண்டே போகும்.”

“ஏளா, நில்லு! அதெப்படி?” என்று நான் திரையைப் பார்த்துக் கத்தினேன். அவளுக்குக் கேட்கவில்லை, போய்க்கொண்டே இருந்தாள். “ஆனால் சார், தொட்டி மூடியதாக, போதுமான அளவு சிறியதாக இருந்தால் கதை வேறு. கருந்துளை சூட்டை விட்டால் அதைவிட வேகமாகத் தொட்டி சூடாகும். அப்போது தொட்டி எட்டிப் பிடித்துவிடும். சமமாகும்.” மறுபடியும் கத்தினேன். அவள் பொறுமையாகக் கையால் வட்டம் போட்டுக் காட்டினாள். வீட்டில் ஒருநாளும் என்னிடம் இப்படி நிதானமாகப் பேசியதில்லை. யாரோ ஒரு ஐஸ்காரனுக்கு இவ்வளவு மரியாதை! பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இதில் எது எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை.

சாயங்காலம் என் நம்பருக்கே கூப்பிட்டாள்.

“நல்லா முடிஞ்சிட்டுப்பா. டாக்டர் பட்டம் குடுத்துட்டாங்க.”

“சந்தோஷம்ளா. சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன். அந்த ஐஸ் பிளான்ட் சார் கேட்டது நல்ல கேள்விப்பா.”

ஒன்றும் தெரியாதவன்போல் கேட்டேன்: “யாரு அது?”

“என் வைவாவுக்கு வேற எந்த ஐஸ் பிளான்ட்டுலேருந்துப்பா வருவாங்க? கிறிஸ்மஸுக்கே இதக் கேட்டீங்க. பதில் சொல்லத்தான் விடல.”

“தெரிஞ்சுக்கிட்டேவா சார் சார்னு கூப்பிட்ட?” என்று கேட்டேன்.

“அப்பான்னிருந்தா ரெண்டாவது வரியிலயே ‘ஏளா, நில்லு’ன்னு வந்திருக்கும். சார்னு சொன்னதும் கடைசி வரைக்கும் குறுக்க பேசாமக் கேட்டீங்கல்ல? இத்தன வருசத்துல நான் ஒங்ககிட்ட ஒண்ண முழுசாச் சொல்லி முடிச்சது இன்னைக்குத்தாம்ப்பா.”

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. மைக் அடைத்திருந்ததை நான் சொல்லவில்லை.

“அந்தச் சின்னத் தொட்டி மட்டும் எப்படிச் சமமாகுதுன்னு இன்னும் வெளங்கலளா” என்றேன். “திரும்பச் சொல்லேன்.”

அவள் முதலில் இருந்து ஆரம்பித்தாள், இந்த முறை தமிழில். இரண்டாவது வரியிலேயே எனக்கு இடித்தது. இப்போது மைக்கை அடைத்துவைக்க யாரும் இல்லை. இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.