ஒன்பதாம் நம்பர்

போனவர்கள் இவ்வளவு பேர்: சித்தி, அக்கா, நான். எதிர்வீட்டு இரட்டைப் பிள்ளைகள். டெய்லர் மகள். பால்காரர் வீட்டில் மூன்று பேர். எங்களோடு தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டுகிற ரெண்டு பேர். சித்தியை விட்டால் பத்துப் பெண் பிள்ளைகள்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் கிடையாது. எங்களைக் கழுகுமலைப் பாறையில் ஏற்றிவிட வேண்டும் என்று சித்திக்கு ஆசை. வீடு வீடாகப் போய், "கூட்டிட்டுப் போற மாதிரியே கொண்டாந்து விட்டுருதேன்" என்று அம்மாமாரிடம் கேட்டு வந்தாள்.

தோளில் கிணற்றுக் கயிறு. கழுத்தில் கண்டக்டர் மாமா கொடுத்த விசில். எங்களுக்கு ஆளுக்கொரு நம்பர். நான் எட்டு, அக்கா ஒன்பது. விசில் கேட்டால் இருந்த இடத்திலேயே உட்கார வேண்டும். வழி தவறினாலும் உட்கார வேண்டும். தேடி வருவது சித்தி வேலை.

மேலே போய்ப் புளிச்சோறு தின்றோம். அக்கா என் காதில் சொன்னாள்: "பின்னால சுனையில மீனு கெடக்காம். பாத்துட்டு ஓடியாந்துருதேன். நம்பர் கேட்டா எனக்கும் சேத்துச் சொல்லிரு."

இது எங்களுக்குப் புதுசு இல்லை. ஆபீஸில் காலையில் பேர் வாசிக்கும்போது, வந்து சேராதவளுக்கு இன்னொருத்தி குரல் கொடுப்பாள். கூலி போகாது.

இறங்கும்போது சித்தி முன்னால் போனாள். பாறை வழுக்கும் என்று காலடியையே பார்த்துக்கொண்டு நம்பர் கேட்டாள். எட்டு சொன்னேன். குரலைத் தடிக்கவைத்து ஒன்பதும் சொன்னேன். பத்தாம் நம்பர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பாதி தூரம் இறங்கியும் அக்கா வரவில்லை. பாறை செருப்பையும் மீறிச் சுட்டது. முன்னால் போய்ச் சித்தி சேலையைப் பிடித்தேன்.

"சித்தி, ஒன்பதும் நாந்தான் சொன்னேன். அக்கா சுனைக்குப் போயிருக்கா."

அடிப்பாள் என்று கண்ணை மூடினேன். விசில்தான் கேட்டது. எல்லோரும் உட்கார்ந்தோம்.

"ஏட்டி, ஒருத்தி கைய ஒருத்தி பிடிங்க. நான் வார வரைக்கும் எந்திரிக்கப்படாது."

கயிற்றோடு மேலே ஏறினாள்.

வெகுநேரம் கழித்து ரெண்டு பேரும் வந்தார்கள். அக்கா சுனைக்குக் கீழே சரிவில் வழுக்கி, ஒரு திட்டில் சிக்கியிருந்தாள். முழங்கால் தோல் உரிந்திருந்தது. "விசில் கேட்டுச்சு. அசையல" என்றாள். சித்தி உள்ளங்கையைக் கயிறு அறுத்திருந்தது.

"ரோட்டுல விழுந்தேன்னு சொல்லிக்கிடுதேன் சித்தி" என்று பஸ்ஸில் அக்கா கெஞ்சினாள். சித்தி ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பவும் வீடு வீடாகப் போனாள்.

"நம்பரக் கேட்டேன், மூஞ்சியப் பாக்கல. தப்பு எம்மேலதான்."

என் பேரை எடுக்கவே இல்லை.

"பொட்டப் பிள்ளையளுக்கு மலை ஒண்ணுதான் கொறச்சலு" என்றார்கள். நின்று கேட்டுக்கொண்டாள்.

சும்மா இருந்திருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. சித்திக்குக் கோட்டி பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அவ்வளவுதான் அப்போது எனக்கு விளங்கியது.

அடுத்த மாதம் திரும்பவும் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். அதே கயிறு, அதே விசில். சித்தி நம்பர் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்து, தலையைத் தொட்டு, ஒவ்வொருத்தியாக எண்ணி முடித்தாள்.

மூன்று.