அக்கா கொடுத்த அளவு

யாரைப் பார்த்தாலும் அக்காவின் கண் முதலில் தோளுக்குத்தான் போகும். டிவியில் செய்தி வாசிக்கிறவர் உலகமே பற்றி எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார். இவள், "பாவம், கோட்டு இடது தோள்ல ஒரு விரல் தொங்குது, ஒருத்தரும் சொல்லலை பாரு" என்பாள். என் கல்யாண போட்டோவில்கூட மாப்பிள்ளை முகம் அவளுக்கு ஞாபகமில்லை. பேண்ட் நீளம் ஞாபகமிருக்கிறது.

மருந்துக் கடைக்கு மேல் மாடியில் ஒரே அறை, அதுதான் அவள் கடை. இரண்டு தையல் மெஷின், ஒரு இஸ்திரி மேசை, போட்டுப் பார்க்க ஒரு மூலையில் திரை. புதுத் துணி தைப்பதில்லை. பிறர் தைத்ததைப் பிரித்து, பிடித்து, இறக்கி, ஏற்றிக் கொடுப்பதுதான் வேலை. ஊரில் குண்டாகிறவர்களும் இளைக்கிறவர்களும் இருக்கிற வரை அவள் பிழைப்புக்குக் குறைவில்லை.

கிட்டார் அவள் வாழ்க்கைக்குள் வந்ததும் அந்தக் கடை வழியாகத்தான். கூலி கொடுக்க முடியாத ஒருவர், பிடிக்கக் கொடுத்த தன் கோட்டை வாங்கிக்கொண்டு பழைய கிட்டாரை விட்டுப் போனார். "கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாது" என்று சிரித்தபடி வாங்கி வைத்தவள், மாலை வகுப்பில் சேர்ந்து நிஜமாகவே கற்றுக்கொண்டாள். கடை சாத்தியதும் துணிக் குவியல் நடுவே உட்கார்ந்து வாசிப்பாள். நன்றாக வாசிப்பாள். தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை, அவள் சமையலைப் பற்றி நான் இப்படிச் சொல்ல மாட்டேன்.

அவளுக்குச் சின்னக் கை, பள்ளிக்கூடப் பிள்ளையின் கை மாதிரி. அந்தக் கிட்டாருக்கோ தடித்த கழுத்து. இடது கைக்காரி வேறு. பகலெல்லாம் அந்தக் கையில் கத்திரிக்கோல், மாலையில் அதே கையால் அந்தக் கழுத்தை இறுக்கிப் பிடிப்பது என்று கட்டைவிரல் மூட்டு தேய்ந்துவிட்டது. "ரெண்டுல ஒண்ணை விடுங்க" என்றார் டாக்டர். கத்திரிக்கோலை விட்டால் அடுப்பு எரியாது. கிட்டாரை விட்டாள். அது பிரிக்க வந்த பேண்ட் குவியலுக்குப் பின்னால் போய் நின்றது. அதற்கப்புறம் கடையில் ரேடியோகூடப் போட மாட்டாள். ஒருநாள் நான் போட்டேன், எழுந்து வந்து அணைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

இப்படியிருக்க, ஒருநாள் பக்கத்திலேயே இருக்கிற அவள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மெதுவாகச் சொன்னாள். ஆளின் கை அளவை எழுதி வாங்கி, அந்தக் கைக்கென்றே கிட்டார் செய்து கொடுக்கிற ஒருவர் இருக்கிறாராம். சொல்லியாகிவிட்டதாம். முன்பணமும் கட்டியாகிவிட்டதாம், திரும்ப வராதாம். மொத்த விலை இவ்வளவு என்றாள்.

நான் பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறவள். விலையைச் சொன்னதும் ஆட்கள் முகம் எப்படிப் போகும் என்பது தினம் பார்த்துப் பழகியது. அன்றைக்கு என் முகம் அப்படிப் போனது. அந்தப் பணத்துக்கு ஒரு புது மோட்டார் பைக் வாங்கி, மீதியில் வருடம் முழுக்கப் பெட்ரோலும் போடலாம். மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், பஸ் டிப்போவில் மெக்கானிக். எந்தச் சாமானுக்கும் அடக்க விலை கேட்கிற ஆள். தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கிட்டார் மட்டுமா, கடையோடவா?" என்று கேட்டார்.

"மரத்தையே வருஷக்கணக்கா காய வைப்பாராம்" என்றாள் அக்கா. "வார்னிஷ் ஒரு பூச்சு பூசி, காய விட்டு, தேய்ச்சு, மறுபடி பூசணுமாம். எல்லாம் ஒரே ஆள். வருஷத்துக்கு ஏழெட்டுத்தான் செய்ய முடியுமாம்."

"மரம் காயுறதுக்கு நாம ஏன்க்கா காசு கொடுக்கணும்? வெயிலா பில் போடுது?" என்று கத்தினேன். "மூட்டு வலிக்கு மோட்டார் பைக் விலையா?"

"என் காசு" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது. மாமா இரண்டு வாரம் அவளிடம் பேசவில்லை, உப்பு எங்கே என்பதைக்கூட என்னிடம்தான் கேட்டார்.

சில மாதம் கழித்துக் கிட்டார் செய்கிறவர் போன் செய்தபோது நான் கடையில் இருந்தேன். "அம்மா, கழுத்துக்கு நீங்க அனுப்பின சுற்றளவு நல்லாப் பார்த்துத்தானே எழுதினீங்க? கொஞ்சம் தடியா வரும்போல இருக்கே."

அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சார், நான் விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து இன்ச் டேப்பும் கையுமாத்தான் இருக்கேன். அளவு விஷயத்துல என்னைக் கேட்காதீங்க." அவர் மறுபடி ஒருமுறை கேட்டார். இவள் மறுபடி அதையே சொன்னாள்.

பெட்டி வந்தது. திறந்ததும் மாமாகூட வாயை மூடிக்கொண்டார். அப்படி ஒரு அழகு. அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதை மடியில் வைத்து, கழுத்தைப் பிடித்தாள். முகம் வெளுத்துவிட்டது. விரல் பாதிதான் சுற்றியது. பழைய கிட்டாரைவிட இது தடி.

"என்னக்கா?"

அவள் இன்ச் டேப்பை எடுத்துத் தன் பிடியை அளந்தாள். கழுத்தை அளந்தாள். அப்புறம் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "தையலுக்கு விட்டுட்டேன்டி."

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. எந்த அளவை எடுத்தாலும் உள்தையலுக்குக் கொஞ்சம், அசைய வசதியாகக் கொஞ்சம் என்று சேர்த்தே எழுதிப் பழகிய கை. தன் கையை அளந்தபோதும் அப்படியே எழுதியிருக்கிறது. மரத்துக்கு ஏது உள்தையல்? அடிப்பாவி, ஒரு மோட்டார் பைக்கைத் தையலுக்கு விட்டுவிட்டாளே!

கிட்டார் செய்கிறவருக்கு போன் போட்டோம். கழுத்தை மாற்றலாம், ஆனால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும், விலையில் மூன்றில் ஒரு பங்கு மேலே ஆகும் என்றார். பிறகு மனம் இரங்கி, "எனக்குத் தெரிஞ்ச இசை ஆசிரியர் ஒருத்தர் இருக்கார், பெரிய கை. காட்டிப் பாருங்க, முழு விலைக்கே எடுத்துக்குவார்" என்றார்.

மறுநாளே வந்தார் அந்த நெட்டை மனிதர். அவர் உள்ளங்கையில் ஒரு தட்டு வைக்கலாம். வாசித்தார். அப்படி ஒரு நாதத்தை அந்த அறை கேட்டதில்லை. முடித்துவிட்டு முழு விலையோடு மேலேயும் கொஞ்சம் தருகிறேன் என்றார். நாளைக் காலையில் பணத்தோடு வருவதாகப் பேச்சு. மாமா அவருக்கு டீ வாங்கி வர ஓடினார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான் சிரித்தேன். அக்காவும் சிரித்து, "உங்க கைக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கு சார்" என்றாள்.

மறுநாள் காலை, பணம் கைமாறும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். கதவைத் திறந்தேன்.

அக்கா கையில் உப்புத்தாள். கழுத்தின் பின்பக்கத்தில் அந்தப் பளபளப்பான வார்னிஷ் போய், வெளிறிய மரம் தெரிந்தது. ஒரு இடத்தில் தையல் சாக்பீஸால் கோடு போட்டிருந்தாள். மடியெல்லாம் மரத்தூள்.

"ஐயோ! அக்கா! பைத்தியம் பிடிச்சிருச்சா? அவர் காசோட வந்துட்டிருக்காரு!"

"தெரியும்."

"இனிமே இதை யாரு வாங்குவா?"

"யாரும் வாங்க மாட்டாங்க. இதைச் செஞ்சவர்கிட்டயே காலையில போன்ல கேட்டேன். கழுத்து வளையாம இருக்க உள்ள இரும்புக் கம்பி ஓடுதாம், எவ்வளவு ஆழத்துலன்னு சொன்னார். ஏன் கேக்குறேன்னு புரிஞ்சதும் அழாத குறை. தேய்ச்சா அது அவர் கிட்டாரே இல்லையாம்." ஒருமுறை ஊதித் தூளைப் பறக்கவிட்டாள். "அந்த மனுஷன் நேத்து வாசிச்சப்போ எனக்கு வயிறு எரிஞ்சதுடி. ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் அளவு பார்த்து அளவு பார்த்துக் கொடுத்தாச்சு. எனக்குன்னு சொல்லி வாங்கினது இது ஒண்ணுதான். அதுவும் இன்னொருத்தர் கைக்குச் சரியாப் போய் நிக்கணுமா? பெருசா வந்தா பிடிச்சுக்கிறது. அதுதானே என் தொழில்."

எனக்குப் பயமாக இருந்தது, வெளிப்படையாகவே சொல்கிறேன், அவளைப் பார்த்தே பயமாக இருந்தது.

"சும்மா நிக்காதே. வந்து ஆடாமப் பிடி."

"நான் தொட மாட்டேன்."

அவள் மேலும் கொஞ்சம் தேய்த்தாள். பிடித்துப் பார்த்தாள். தேய்த்தாள். பிறகு கிட்டாரைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு விரல்களைப் பதித்து மீட்டினாள். ஒரே ஒரு முறை. மூட்டு வலி வருவதற்காகக் காத்திருப்பது முகத்தில் தெரிந்தது. வலி வரவில்லை. அவள் இன்னொரு முறை மீட்டினாள், அப்புறம் நிறுத்தவே இல்லை, மூக்கில் நீர் ஒழுக வாசித்துக்கொண்டே இருந்தாள்.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. நான் வெளியே போய்க் கதவைச் சாத்தி அதன் மேல் சாய்ந்து நின்றேன். நெட்டை மனிதர் கையில் உறையோடு நின்றார். உள்ளே அக்கா வாசிப்பது அவருக்கும் கேட்டது.

"சார், மன்னிச்சுக்கணும். அது விக்கிறதுக்கில்லை" என்றேன். இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே திக்கென்றது.

"நேத்து சரின்னீங்களேம்மா. வேணும்னா இன்னும் கொஞ்சம் போட்டுத் தர்றேன்."

எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. "அது அக்காவுடையது சார்" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன்.

"இந்த இடத்துல மட்டும் இன்னும் கொஞ்சம் உறுத்துது" என்றாள் அக்கா, கழுத்தைத் தடவியபடி.

நான் தரையில் உட்கார்ந்து, கிட்டாரை என் மடியில் வாங்கி, அசையாமல் இறுகப் பிடித்துக்கொண்டேன். அவள் புது உப்புத்தாள் ஒன்றை எடுத்தாள்.