டஸ்ட் அலர்ஜி

என் மகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. உயிருக்கு ஆபத்தான எந்தக் காரியத்தையும் செய்து முடித்துவிட்டுத்தான் வீட்டில் சொல்லுவாள். ரிஷிகேஷில் காலில் கயிறு கட்டிக்கொண்டு தலைகீழாகக் குதித்ததை, குதித்து மூன்றாம் நாள் எனக்கு வீடியோவாகக் காட்டினாள். இமாச்சலில் ஏதோ மலைச்சரிவிலிருந்து பாராசூட் மாதிரி ஒன்றில் தொங்கிக்கொண்டு பறந்ததை, திரும்பி வரும் பஸ்ஸிலிருந்து போனில் சொன்னாள். அதற்கு அவள் வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருந்தது ஆபீஸ் டிரெயினிங் என்று. வெள்ளிக்கிழமை குருகிராமில் ஆபீஸ் முடிந்ததும் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவதும், திங்கட்கிழமை காலை கண் சிவக்க வந்து நின்று இட்லி இருக்கிறதா என்று கேட்பதும் வாடிக்கையாகிவிட்டது. இந்த வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் தரையில் இருந்தால் என்ன குறைந்துபோகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதனால், அந்தமானில் கடலுக்குள் முங்கப் போவதை அவள் முன்கூட்டியே சொன்னபோது நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

"அம்மா, நான் ஸ்கூபா பண்ணப் போறேன். இங்கயே பூல்ல டிரெயினிங், அப்பறம் அந்தமான். தேக்கோ, பாரு, இந்தத் தடவை முன்னாடியே சொல்லிட்டேன்" என்று பாராட்டை எதிர்பார்த்து நின்றாள்.

"ஏட்டி, காத்தடைச்ச குப்பிய முதுகுல கட்டிக்கிட்டு எதுக்குக் கடலுக்குள்ள போகணும்? மீன் பாக்கணும்னா ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போயேன். அங்க இல்லாத மீனா?"

"அது செத்த மீன்மா."

என் கணவர் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "சவத்த விடு. போயிட்டு வரட்டும். சொன்னா கேக்கவா போறா?" என்றார். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் வீட்டுப் பிரச்சினைகளுக்கு அவர் சொன்ன தீர்வு இந்த ஒன்றுதான். வீட்டுக் கூரை ஒழுகினாலும் இதையேதான் சொல்லுவார்.

ஒரு வாரம் நான் விடவில்லை. சுறா என்றேன். சுறாவுக்கு நம்மைப் பிடிக்காது என்றாள். நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்றேன். கூடவே ஆள் வருவார் என்றாள். குப்பியில் காற்று தீர்ந்துபோனால் என்றேன். அதற்கு ஒரு மீட்டர் இருக்கிறது, ஸ்கூட்டரில் பெட்ரோல் முள் பார்ப்பதுபோல என்றாள். அப்பாவின் ஸ்கூட்டரில் அந்த முள் வேலை செய்து பத்து வருடம் ஆகிறது என்றேன். சிரித்தாள். நான் சொன்ன காரணம் ஒவ்வொன்றையும் ஊதித் தள்ளிவிட்டுப் போனாள். எனக்கோ எரிச்சல் தலைக்கு ஏறியது. அவள்மேல் அல்ல. சொல்லவேண்டிய உண்மையான காரணம் ஒன்று என்னிடம் இருந்தது. அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் மகளுக்கு ஆஸ்துமா. அது அவளுக்குத் தெரியாது.

இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு, அதுவும் கணக்கும் கம்ப்யூட்டருமாகச் சம்பாதிக்கிற பெண்ணுக்கு, தன் உடம்பில் இருக்கிற நோயின் பெயர் எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்கலாம். அந்தப் பெருமை முழுக்க என்னைச் சேரும்.

அப்போது நாங்கள் கோல் மார்க்கெட்டில் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அவளுக்கு நாலு வயது. அந்தக் குளிர்காலம் முழுக்க நெஞ்சு விசிலடித்தது. டிஸ்பென்சரி டாக்டர் பார்த்துவிட்டு ஆஸ்துமா என்றார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறும்போது கீழ் வீட்டுத் தமிழ் அம்மாள் கதவைத் திறந்து, "கொழந்தைக்கு என்னவாம்?" என்று கேட்டாள். எங்கள் பிளாக்கில் பாதிக்குப் பாதி தமிழ்க் குடும்பங்கள். படிக்கட்டில் சொன்ன செய்தி சாயங்காலத்துக்குள் கோயிலுக்குப் போய்ச் சேரும், பொங்கலுக்குள் திருநெல்வேலிக்கும் போய்விடும். நாளைக்கு இவளுக்கு ஒரு வரன் பார்க்கும்போது அந்தச் செய்தி நமக்கு முன்னால் போய் அங்கே உட்கார்ந்திருக்கும். இத்தனையும் அந்த நாலைந்து படிகளுக்குள் என் மனதில் ஓடியது. "டஸ்ட் அலர்ஜி" என்றேன்.

வாயில் வந்த சொல்தான். ஆனால் இந்த ஊரில் அதைவிட வசதியான சொல் வேறு கிடையாது. தில்லியில் யாருக்குத்தான் டஸ்ட் அலர்ஜி இல்லை? பள்ளிக்கூடத்து ஃபார்மில் அதையே எழுதினேன். வாயில் வைத்து அழுத்தும் நீல மருந்துக்கு 'பஃப்' என்று பெயர் வைத்து, பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். மயூர் விஹார் ஃபிளாட்டுக்கு வந்த பிறகு படிக்கட்டில் விசாரிக்க ஆள் இல்லை, ஆனாலும் பழக்கம் போகவில்லை. வளர வளர அவளுக்குத் தொந்தரவு குறைந்தது. நவம்பரில் புகை மூட்டம் வந்தால் பையில் பஃப் வைத்துக்கொள்வாள். அவள் ஆபீசில் பாதிப் பேர் அதை வைத்திருந்ததால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கள் வீட்டில் ஆஸ்துமா என்ற சொல்லையே யாரும் உச்சரிப்பதில்லை.

டிரெயினிங்குக்கு முன்னால் பூர்த்தி செய்யவேண்டிய ஃபார்மைச் சாப்பாட்டு மேஜையில் போட்டிருந்தாள். ஃபார்ம் சரிபார்ப்பதுதான் என் உத்தியோகம். மந்திரி காரியாலயத்துப் பிரிவு ஒன்றில் இருபத்தெட்டு வருடமாக அதைத்தான் செய்கிறேன். வேலைக்குச் சேருகிறவர்கள் உண்மையை மறைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து, சந்தேகம் வந்தால் சிவப்பு மையில் சுழிப்பேன். ஃபார்மைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. எடுத்துப் படித்தேன். காதில் அறுவை, வலிப்பு, இதய நோய் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று இருந்தது. ஆஸ்துமா என்ற வரிக்கு எதிரேயும் அழகாக ஒரு 'இல்லை'.

"இந்த ஸ்கூபா புக்கிங்காரன் என்ன சொன்னான் தெரியுமா?" என்றாள் மகள். "சப் மேம் நோ கர் தீஜியேன்னான். எல்லாத்துலயும் நோ போடுங்க, இல்லாட்டி டாக்டர் சர்ட்டிஃபிகேட் கேப்பாங்கன்னு. நான் அப்படிப் போடலம்மா. ஒவ்வொண்ணாப் படிச்சுத்தான் போட்டேன். நீதானே சொல்லுவே, ஃபார்ம்ல பொய் எழுதக் கூடாதுன்னு."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் அடுக்களைக்குள் போய் மிக்ஸியைப் போட்டேன். அரைக்க ஒன்றும் இல்லாததால் இருந்த சட்னியையே மறுபடி அரைத்தேன். அந்த புக்கிங்காரனை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். படிக்காமலே பொய் எழுதச் சொல்கிறானே, இவனையெல்லாம் யார் வேலைக்கு வைத்தது என்று. அவனாவது காசுக்காகச் சொன்னான்.

மறுநாள் ஆபீஸ் மதிய இடைவேளையில் போனில் தேடிப் படித்தேன். தண்ணீருக்கு அடியில் இழுத்த மூச்சுக்காற்று, மேலே வர வர விரியுமாம். மூச்சுக்குழல் சுருங்கி அந்தக் காற்று வெளியே போகமுடியாமல் மாட்டிக்கொண்டால் நுரையீரலே கிழிந்துபோகலாமாம். டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டேன். அன்று சாயங்காலமும் சொல்லவில்லை. பெரிதாக வந்து மூன்று வருடம் ஆயிற்றே, ஒருவேளை போயிருக்கும் என்று ஒரு சமாதானம். நீச்சல் குளம்தானே, கடல் இல்லையே என்று இன்னொன்று. எனக்கு அவளிடம் பயம். அதுதான் உண்மை.

தசரா முடிந்த ஞாயிறு, தெற்கு தில்லியில் ஒரு கிளப் நீச்சல் குளத்தில் டிரெயினிங். நானும் வருவேன் என்று அடம்பிடித்துக் கூடவே போனேன். "அம்மா, பிளீஸ், அங்க ஒண்ணும் பேசாதே" என்று மெட்ரோவிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டாள். ராவணனை எரித்த புகை இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை. அவள் இரண்டு தடவை இருமினாள், நான் எண்ணினேன்.

பயிற்சியாளர் வெயிலில் கறுத்த, ஒல்லியான மனிதர். புக்கிங்காரன் மாதிரி இல்லை. குப்பிகளை மாட்டி எல்லோரையும் குளத்து விளிம்பில் உட்கார வைத்தபிறகும், ஃபார்ம்களைக் கையில் எடுத்து ஒவ்வொருவரிடமும் மறுபடி வாயால் கேட்டார். என் மகளிடம் வந்தார். காது? இல்லை. இதயம்? இல்லை.

"ஆஸ்துமா? கபீ?" என்றார். எப்போதாவது?

"நஹீ" என்றாள் என் மகள், முகத்தை நிமிர்த்தி, முழு நேர்மையாக.

"ஹை!" என்று கத்தினேன். பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "இஸ்கோ ஹை! பச்பன் ஸே ஹை!" சின்ன வயதிலிருந்தே இருக்கிறது என்று அந்தக் குளம் முழுக்கக் கேட்கும்படி, இருபது பேர் நடுவில், எனக்குத் தெரிந்த இந்தியில் கூவினேன். எந்தச் சொல் படிக்கட்டில் யார் காதிலும் விழக்கூடாது என்று காப்பாற்றினேனோ, அதை.

அவள் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, க்யா போல் ரஹீ ஹோ? என்ன சொல்றே? எனக்கு டஸ்ட் அலர்ஜி."

"அதுக்குப் பேருதாம்ட்டி அது" என்றேன்.

பயிற்சியாளர் குனிந்து அவள் தோளில் இருந்த பட்டைகளைத் தாமே கழற்றி, குப்பியை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, நான் போனில் படித்ததையே பொறுமையாகச் சொன்னார். நெஞ்சு டாக்டரிடம் எழுதி வாங்கிவந்தால் பார்க்கலாம் என்றார். அவளோடு அந்தமான் போவதாக இருந்த தோழிகள் இருவரும் தண்ணீருக்குள் இறங்கினார்கள். இவள் உடை மாற்றப் போனாள்.

திரும்பும்போது ஐ.என்.ஏ.யில் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாங்குவதாக இருந்தது. மார்க்கெட் வாசலைத் தாண்டி அவள் பாட்டுக்கு மெட்ரோ படியில் இறங்கினாள், நான் பின்னாலேயே ஓடினேன். ரயிலில் இடம் இருந்தும் உட்காரவில்லை. லாஜ்பத் நகர் தாண்டியதும்தான் வாயைத் திறந்தாள்.

"எதுக்கு மறைச்சே?"

"ஒனக்கு நாலு வயசுல டாக்டரு சொன்னாரு. ஒன் கல்யாணத்துக்காவத்தாம் மறைச்சேன்."

"கல்யாணமா? அப்ப எனக்கு நாலு வயசும்மா!" பெட்டியில் இருந்தவர்கள் திரும்பினார்கள். பாஷை புரியாவிட்டாலும் விஷயம் சண்டை என்று அவர்களுக்குப் புரிந்தது.

"ஊருல நாலு பேரு..." என்று ஆரம்பித்தேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. நிறுத்திக்கொண்டேன்.

கம்பியைப் பிடித்தபடி கதவுக் கண்ணாடியைப் பார்த்துப் பேசினாள். "ஸ்கூல்ல ரிலே ரேஸ்ல பாதியில நின்னுட்டேன், ஞாபகம் இருக்கா? டீம்ல யாரும் என்கூடப் பேசல. நீ வீட்டுல என்ன சொன்னே? சோம்பேறி மூதி, நாலு எட்டு ஓடுறதுக்குள்ள மூச்சு வாங்குதுன்னு சொன்னே. நான் நம்பினேன். எனக்கு ஸ்டாமினா இல்ல, நான் லேஸின்னு இவ்வளவு வருஷமா நம்பிட்டிருக்கேன். அதனாலதான் இதெல்லாம் பண்ணறேன். ஓடறது என்னால முடியல. குதிக்கலாம், பறக்கலாம். அதுக்கு மூச்சு வேண்டாமே."

அந்த ரிலே நாள் எனக்கும் நினைவிருந்தது. மூதி என்று சொன்னதும் நினைவிருந்தது. என்ன நோய் என்று தெரிந்தே சொன்னேன். அவளுக்குத் தெரியாது என்பதை நான் மறந்தே போயிருந்தேன். மயூர் விஹார் வரும்வரை நானும் நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் என் கணவர் வழக்கம்போல, "சவத்த..." என்று தொடங்கினார். அவள் அவரைப் பார்த்தாள். மீதியை விழுங்கிக்கொண்டார்.

புதன்கிழமை நெஞ்சு டாக்டரிடம் போனோம். நான் கூப்பிடவில்லை. அவளே நேரம் வாங்கி, "நீயும் வா" என்று மட்டும் சொன்னாள். உள்ளே போவதற்கு முன்னால் ஒரு பெண் அவளை ஒரு குழாயில் ஊதச் சொன்னாள். "ஃபூங்கோ, ஔர், ஔர், ஔர்!" ஊது, இன்னும், இன்னும் என்று அந்தப் பெண் கூவக் கூவ, இவள் முகம் சிவக்க ஊதினாள். மூன்று மாடி ஏறி இறங்கச் சொல்லி மறுபடி ஊதவைத்தாள். இரண்டாவது தடவை மிஷினில் கோடு பாதியிலேயே படுத்துவிட்டது. அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, இந்த நுரையீரலோடு இப்போது தண்ணீருக்கு அடியில் போவது நடக்காது என்றார். தினமும் மருந்து எடுக்கவேண்டும், ஆறு மாதம் கழித்து மறுபடி ஊதிப் பார்க்கலாம், அப்புறம் யோசிக்கலாம் என்றார். ஒழுங்காக மருந்து எடுத்தால் இந்த நோய் உள்ள சின்னப் பிள்ளைகள்கூட எல்லாம் செய்யலாம், ஓட்டம்கூட ஓடலாம் என்றும் சொன்னார், சாதாரணமாகத்தான். தோழிகள் அடுத்த வாரம் விமானம் ஏறுகிறார்கள். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

பிறகு அவர் சீட்டை எடுத்து, பேனாவைத் திறந்து, எங்கள் இருவருக்கும் பொதுவாகக் கேட்டார்: "ஆஸ்துமா எத்தனை வருஷமாக?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பதில் சொன்னாள்.

"தீன் தின்." மூன்று நாள்.

டாக்டர் ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் பேனாவைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார்.

"இருபத்திரண்டு வருஷம்" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார்.